கிராங்குக்கு ஒரு நியாயம், கேமுக்கு ஒரு நியாயமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வருத்தம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கோபம் என்பதே சரி.

நம் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் என்று ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா வாங்கியது, மில்லுக்காக வாங்கியது, மாமனார் கொடுத்தது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை. அதற்காகச் செலவும் செய்கிறார்கள். டிங்கரிங், பெயின்ட், பம்பருக்கு நிக்கல் முலாம், சீட்டுக்குப் புதுத் துணி என்று லட்சத்துக்கு மேல் போட்டவர்களை எனக்கே தெரியும். பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்கும் பெயின்ட். "கேம்ஷாஃப்டைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" என்று கேட்டால் மட்டும், பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைக் கேட்ட மாதிரி ஒரு முழி முழிக்கிறார்கள்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மல்லசமுத்திரம்தான் சொந்த ஊர். ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினைப் பிரித்துக் காட்டியே காலம் ஓடிவிட்டது. இப்போதும் யாராவது வீட்டுக்கு ஒரு இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தால் என் மனைவி காபி போடுவதற்குள் நான் மைக்ரோமீட்டரை எடுத்துவிடுவேன்.

நம் ஊர் மற்ற ஊர் மாதிரி இல்லை. இங்கே லாரிதான் விவசாயம், ரிக் வண்டிதான் தோட்டம். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடப் புறப்பட்ட வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரியால் வளர்ந்த ஊர்கள். ஆகவே இன்ஜின் விஷயம் நமக்குப் பழக்கம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய லாரி ஓனரிடம் கிராங்க் கிரைண்டிங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "பத்து போயிருச்சு, இருபது போட்டேன், இன்னும் முப்பது வரைக்கும் ஓடுமுங்க" என்பார். பத்து என்பது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. அவ்வளவு கடைந்தால் அதற்கேற்ற அளவில் பேரிங் கிடைக்கும். எட்டாவது படித்தவரும் சொல்லும் கணக்கு அது. பட்டறைக்காரர் ஏமாற்ற முடியாது, ஏனென்றால் வாங்குபவருக்கு எண் தெரியும்.

அதே இன்ஜினில், கிராங்குக்கு மேலே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது கேம்ஷாஃப்ட். அதற்கு எண் இல்லை. பத்து இல்லை, இருபது இல்லை. "பாலிஷ் போட்டாச்சுங்க" என்று ஒரே வார்த்தை. என் சண்டை இந்த வார்த்தையோடுதான்.

கேம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாமக்கல்காரர்களுக்கு முட்டையை வைத்துச் சொன்னால் புரியும். ஒரு கம்பியில் வரிசையாக எட்டு முட்டைகளைக் கோத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டருக்கு எட்டு வால்வு, வால்வுக்கு ஒரு முட்டை. கம்பி சுற்றும்போது முட்டையின் கூர்முனை டேப்பட்டை மேலே தள்ளும். டேப்பட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். முட்டையின் உருண்டைப் பக்கம் வரும்போது வால்வு மூடிக்கொள்ளும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 தடவை திறந்து மூடும். இன்ஜின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த முட்டையின் வடிவத்தில் எழுதி வைத்திருக்கிறது. அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும், பெட்ரோல் பம்பை இயக்குவதும் கூட இதே தண்டுதான்.

இந்த முட்டையின் மூக்கு தேய்ந்தால் என்ன ஆகும்? வால்வு பாதிதான் திறக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து மூக்கு தேய்ந்தால் எரிந்த புகை முழுதாக வெளியே போகாது. அடுத்து இன்லெட் திறந்தவுடன் மிச்சப் புகை பின்வழியாகக் கார்புரேட்டருக்கு ஏறி "டப் டப்" என்று வெடிக்கும். சத்தம் கார்புரேட்டரில் கேட்பதால் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றுவார். கழுவுவார். ஜெட் மாற்றுவார். பிறகு பிளக், பாயின்ட், கண்டன்சர், காயில். கடைசியில், "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்." எனக்குத் தெரிந்த ஒரு அம்பாசடர் இப்படி மூன்று கார்புரேட்டர் பார்த்தது. நான் செய்ததெல்லாம் டேப்பட் கவரைக் கழற்றி, ராக்கரின் மேல் டயல் கேஜை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, எட்டு வால்வும் எவ்வளவு இறங்குகின்றன என்று ஒரு தாளில் எழுதியதுதான். அரை மணி நேர வேலை. ஏழு வால்வு ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று மட்டும் தனியாகக் குறைவு. தண்டை வெளியே எடுத்து அளந்தபோது அந்த மூக்கு 1.3 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது.

வண்டிக்காரர் என் பழைய மாணவர். தண்டை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். எந்த ஊர், எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். நாலு நாளில் திரும்பி வந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. "பாருங்க சார், முகம் தெரியுது" என்றார். முகம் தெரிந்தது உண்மைதான். "தம்பி, முகம் பார்க்கவா இதைப் போடுகிறோம்?" என்று சொல்லிவிட்டு மறுபடி அளந்தேன். தேய்ந்த மூக்கை எமரி போட்டு வழவழப்பாக்கியிருந்தார்கள். உருண்டைப் பக்கத்தை யாரும் தொடவே இல்லை. விளைவு, மூக்கு இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது! காசு கொடுத்து, இருந்ததையும் இழந்ததுதான் மிச்சம்.

இப்போது கவனியுங்கள். கேம் கிரைண்டிங் என்பது மூக்கைத் தேய்ப்பது அல்ல. மூக்கு உயரம் என்பது உருண்டைப் பக்கத்திலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான். மூக்கு அரை மில்லிமீட்டர் போயிருந்தால், உருண்டைப் பக்கத்தையும் அரை மில்லிமீட்டர் உள்ளே கொண்டு போக வேண்டும். பக்கச் சரிவுகளையும் அதே கணக்கில் உள்ளே இழுக்க வேண்டும். மொத்தத்தில் முட்டை சிறிதாகும், வடிவம் மாறாது, தள்ளும் தூரம் பழையபடி வந்துவிடும். டேப்பட் கொஞ்சம் கீழே உட்காரும். அதை ராக்கரில் இருக்கும் ஸ்குரூவைத் திருகிச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கிராங்கைக் கடைவது வட்டம். வட்டத்தை எந்த கிரைண்டரும் கடையும். கேம் வட்டம் அல்ல. அதைக் கடைய மாஸ்டர் என்று ஒன்று வேண்டும். தேயாத ஒரு நல்ல கேமிலிருந்தோ வரைபடத்திலிருந்தோ செய்த பெரிய அச்சு அது. மாஸ்டர் சுற்றச் சுற்ற மிஷினின் படுகை முன்னும் பின்னும் ஆடும். ஆடும் படுகையில் கேம்ஷாஃப்ட் சுற்றும். சாணைக்கல் அந்த வடிவத்தை வெட்டும். நார்ட்டன், லேண்டிஸ் என்ற பெயர்களில் வந்த பழைய அமெரிக்க மிஷின்கள் இப்படித்தான் வேலை செய்தன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாஸ்டரை எந்த விட்டமுள்ள சாணைக்கல்லுக்காகச் செய்தார்களோ அந்த விட்டத்துக்குப் பக்கத்திலேயே கல் இருக்க வேண்டும். கல் தேய்ந்து ரொம்பச் சிறிதானால் சரிவின் வடிவம் மாறிவிடும். நல்ல ஆபரேட்டர் கல்லில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே அதைக் கழற்றிவிடுவார். ஓனர் திட்டுவார். ஆபரேட்டர் செய்ததுதான் சரி.

இது தெரிந்த ஆட்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? கிராங்க் கிரைண்டிங் போர்டு ஊருக்கு ஊர் தொங்குகிறது. கேமுக்கு மாஸ்டர் வைத்திருக்கும் பட்டறையைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. அளவு கேட்காத வாடிக்கையாளருக்கு அளவெடுத்துக் கொடுக்க அவருக்கு என்ன பைத்தியமா? பாதிப் பணத்துக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் இருக்கும்போது, சரியாகச் செய்பவருக்கு வேலை எங்கிருந்து வரும்? பெயின்டர் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, கேம் கடைபவரிடம் ஐநூறு ரூபாய்க்குப் பேரம் பேசியவரை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஐநூறில்தான் இந்தத் தொழில் செத்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் எனக்கு மூன்று பதில் வரும். மூன்றும் பழக்கமானவை.

முதலாவது, "எதுக்குங்க கடையணும், சென்னை புதுப்பேட்டையில புதுசே கிடைக்குதே?" கிடைக்கும். எதற்கான புதுசு? அம்பாசடரில் 1489 சிசி பெட்ரோல் உண்டு, பிறகு வந்த இசுசு உண்டு, டீசல் உண்டு. உத்தரபாராவில் 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டிக்கு இன்று வரும் "புது" ஸ்பேர் எந்த அச்சில் வார்த்தது, மூக்கு எவ்வளவு கெட்டி என்று யார் சொல்வார்? நல்லதும் வரலாம். அதையும் அளந்துதானே தெரிந்துகொள்ள வேண்டும்? நம் நாட்டுக்குக் கேம் செய்யத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சோலாப்பூரில் இருக்கும் பிரிசிஷன் கேம்ஷாஃப்ட்ஸ் கம்பெனி உலகத்தின் பெரிய கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறது. லட்சக்கணக்கில் செய்பவர்கள் உங்கள் ஒரு ஹெரால்டுக்காக மிஷினை நிறுத்த மாட்டார்கள். ஒன்று, இரண்டு என்று செய்து தர பட்டறைதான் வேண்டும். இங்கிலாந்தில் கென்ட் கேம்ஸ், நியூமன் கேம்ஸ் போன்றவர்கள் இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். நம் அம்பாசடர் இன்ஜினும் அங்கே 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம். அங்கே அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கேம் கடைந்து தருகிறார்கள். நம் தெருவில் நேற்று வரை டாக்சியாக ஓடிய இன்ஜினுக்குச் சீமையில்தான் வைத்தியம் என்றால் யாருக்கு வெட்கம்?

இரண்டாவது பதில் இளைஞர்களுடையது. "சார், எப்படியும் கடையறோம், ரேஸ் கேமா கடைஞ்சுட்டா என்னங்க?" சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டும் பியட்டும் பறந்ததை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகளுக்கு விசேஷமாகக் கடைந்த கேம் இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. சாதாரணக் காரில் ஒரு வால்வு கிராங்கின் சுற்றில் 230 டிகிரி அளவுக்குத் திறந்திருக்கும். ரேஸ் கேமில் 280, 300 என்று போவார்கள். வேகமாகச் சுற்றும்போது காற்று நிறைய உள்ளே போகும், சக்தி கூடும். மெதுவாக ஓடும்போது? இன்லெட்டும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமாகி, இழுத்த கலவை திரும்பி ஓடும். ஐடிலிங் நிற்காது. மல்லசமுத்திரத்திலிருந்து வையப்பமலைக்குக் கல்யாணத்துக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு, டாப் கியரிலேயே மெதுவாக மேடேறும் இழுவைதான் தேவை. அம்பாசடரின் பெருமையே அந்த இழுவைதானே! சுமார் 50 குதிரைசக்தி உள்ள இன்ஜின் அது. அதில் கேமை மட்டும் மாற்றி, வால்வு ஸ்பிரிங், கார்புரேட்டர், ஹெட் எதையும் தொடாமல் விட்டால் சத்தம்தான் கூடும். விசேஷக் கேம் வேண்டும் என்பவர் எதற்கு, எந்தச் சுற்றில் என்று எழுதிக் கொடுத்துக் கடையட்டும். நான் தடுக்கவில்லை. அப்பா ஓட்டிய வண்டியின் ஒரிஜினல் கேமை வெட்டித்தான் இந்தப் பரீட்சை நடக்க வேண்டுமா?

மூன்றாவது பதில் படித்தவர்களுடையது. "வின்டேஜ் வண்டியில் இன்ஜினைத் தொடக்கூடாதே, சட்டம் இருக்கிறதே?" 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விதி அது. 50 வயது தாண்டிய, ஒரிஜினல் வடிவத்தில் பராமரிக்கப்பட்ட, பெரிய அளவில் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. நல்ல விதிதான். தேய்ந்த கேமை அதன் பழைய வடிவத்துக்கே கொண்டு வருவதைப் பராமரிப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சொல்லப் போனால் ஒரிஜினல் கேமைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேர் தெரியாத ஒன்றைப் போடுவதுதான் ஒரிஜினலைக் கெடுப்பது. தவிர, நம் பக்கத்தில் நிற்கும் அம்பாசடர்களில் பாதிக்கு மேல் மார்க் ஃபோர், நோவா காலத்து வண்டிகள். 50 வயது ஆகவே இல்லை. அவற்றுக்கு இந்த விதியைச் சாக்காகச் சொல்வானேன்?

சரி, நல்ல பட்டறை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று எழுதாமல் விட்டால் இந்தப் பதிவால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

தண்டைக் கொடுக்கும்போதே எட்டு மூக்கின் உயரத்தையும், எட்டு உருண்டைப் பக்கத்தின் அளவையும் உங்கள் முன்னால் அளந்து எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எட்டும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். உருண்டைப் பக்கத்தின் அளவு குறையவே இல்லை என்றால் கடையவே இல்லை என்று அர்த்தம், பணம் கொடுக்காதீர்கள். எட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும், தேய்ந்த ஒன்றை மட்டும் கடைவது வேலை அல்ல. மூக்கின் மேல் இருக்கும் கெட்டிப் படலம் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். அதையும் தாண்டிக் கடைந்தால் உள்ளே மெத்தென்ற இரும்பு. சீக்கிரமே மறுபடி தேயும். அதனால்தான் 1.3 தேய்ந்த அந்த மூக்கை அப்படியே கடையக் கூடாது, கெட்டி வெல்டிங் வைத்து ஏற்றிய பிறகே கடைய வேண்டும் என்றேன். அதுவும் தண்டை முன்கூட்டியே சூடேற்றி, பொறுமையாகச் செய்யத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும், தண்டு வளையும்.

டேப்பட்டை மறக்கவே கூடாது. கடைந்த கேமில் பழைய டேப்பட்டைப் போடுவது, புதுச் செருப்புக்குள் பழைய ஆணியை விட்டு வைப்பது மாதிரி. டேப்பட்டின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் மிக லேசாக மேடு தட்டியிருக்கும். அந்த மேடு இருந்தால்தான் டேப்பட் தானே சுழலும், தேய்மானம் பரவலாகும். குழி விழுந்த டேப்பட் சுழலாது, புதிதாகக் கடைந்த மூக்கைக் கொஞ்ச நாளில் தின்றுவிடும். ஆகவே எட்டு டேப்பட்டையும் சேர்த்தே கொடுத்து அடியைக் கடைந்து வாங்குங்கள், அல்லது புதிது போடுங்கள்.

இன்ஜினைப் பூட்டி முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிங்கில் விட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. சாமி கும்பிட்டு, எலுமிச்சை வைத்து, பத்து நிமிடம் "புர்ர்" என்று விட்டு எல்லோரும் கைதட்டும் அந்த நேரத்தில்தான் கேம் போகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மூக்கில் விழும், கிராங்க் தெறித்துவிடும் ஆயிலும் குறைவு. மூக்குகளில் மாலிப்டினம் பசை தடவி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் அப்படியே ஓடட்டும். எலுமிச்சையை அதன் பிறகு வைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆயில் விஷயமும் உண்டு. பழைய இன்ஜின்களில் டேப்பட்டும் மூக்கும் உரசும் இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் இருக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மானம். இப்போதைய கார்களின் சைலன்சரில் இருக்கும் புகை சுத்திகரிப்பானுக்கு அது ஆகாது என்பதால், 2004-ல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து மெல்லிய ரகப் பெட்ரோல் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த புது ஆயில்தான் நல்லது என்று மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பியதை அம்பாசடரில் ஊற்றாதீர்கள். பழைய இன்ஜினுக்கு ஏற்ற கனமான 20-50 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தருவது அதுதான். மாஸ்டர் செய்யத் தேயாத கேம் ஒன்று வேண்டும் என்றேனே, அது எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்தக் காலத்தில் டாக்சி வைத்திருந்தவர்கள் ஸ்பேருக்கு என்று ஒன்று வாங்கிப் போட்டிருப்பார்கள். அல்லது ஆக்சிடென்ட் ஆன வண்டியிலிருந்து கழற்றி வைத்திருப்பார்கள். பேரன்மார் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஒரு ஹெரால்டு கேம் எடைக்குப் போனால் கிடைக்கும் காசில் ஒரு வேளைச் சாப்பாடு கூட ஒழுங்காக வராது. அதே கேமிலிருந்து ஒரு மாஸ்டர் செய்தால் இந்த ஜில்லாவில் மிச்சமிருக்கும் ஹெரால்டுகள் எல்லாம் ஓடும்.

பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள். எந்த வண்டி, எந்த வருடம் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வருடக்கணக்கில் அப்படியே நின்றால் தண்டு வளையும். ஒரு முனையில் கம்பி கட்டி உத்தரத்தில் நேராகத் தொங்கவிடுங்கள்.